கடிபட்ட தளிர்

வீட்டுக்குள் வளரும் செடிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, அலுவலக வரவேற்பறை, காலையில் போனால் இரவில் திரும்பும் தம்பதிகளின் கூடம் என்று எங்கே பச்சையாக எது நின்றாலும், அதற்குத் தண்ணீர் ஊற்றி, இலை துடைத்து, பூச்சி பார்த்துவிட்டு வருவேன். தோளில் ஒரு பை. அதில் நீள மூக்கு வைத்த பூவாளி, பழைய பனியன் துணி, கத்திரி, மண் கிளற ஒரு முள்கரண்டி. இடுப்பில் பதினாறு வீட்டுச் சாவிகள்.

"உன்னைக் கடத்திட்டுப் போனா திருடன் ஆயுசுக்கும் வேலை செய்ய வேண்டாம்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கு ஏற்கெனவே இரண்டு வாடிக்கை வீடுகள் இருந்தன. அதனால் வாசல் காவல்காரரை நன்றாகத் தெரியும். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்று சலாம் வைப்பார். "வாங்க செடி டாக்டர். இன்னிக்கு எந்தப் பேஷண்ட்?"

அந்தச் செவ்வாய்க்கிழமை, "மூணாவது மாடி, புது வீடு அண்ணே" என்றேன்.

சலாம் வைத்த கை இறங்கியது. "அந்த வீடா?" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்: "நான் மேல வரமாட்டேன் தங்கச்சி."

மேலே, கூடத்தில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. கணவனும் மனைவியும் பன்னிரண்டு நாள் வெளியூர் போகிறார்கள். அவர் ஏதோ கட்டுமானக் கம்பெனியில் பொறியாளர். அந்த அம்மாதான் பேசினார். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ஏழு தொட்டிகள். ஏழும் பிலோடென்ட்ரான் என்ற அழகுக் கொடி. புத்தக அலமாரியிலிருந்து இதய வடிவ இலைகளைத் தொங்கவிட்டபடி மூன்று. சிவந்த காம்போடு இரண்டு. சன்னலோரம் ஒரு சின்னக் கன்று. ஏழாவதுதான் பெரியது. பாசி சுற்றிய கம்பைப் பற்றி ஆள் உயரத்துக்கு ஏறி நின்றது. ஒவ்வொரு இலையும் முறம் அகலம். மூடிக் கிடந்த ஓர் அறைக்கதவின் பக்கத்தில் அதை நிறுத்தியிருந்தார்கள்.

"எல்லாம் இவரோட அக்கா வளர்த்தது. அவங்க போன வருஷம் தவறிட்டாங்க" என்றார் அந்த அம்மா.

"நல்லா வச்சிருக்கீங்க மேடம். வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஊத்தினாப் போதும்."

"மத்ததுக்குப் போதும்." அவர் கணவரைப் பார்த்தார். "பெருசுக்கு மட்டும் தினமும் ஊத்தணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிலோடென்ட்ரானைத் தண்ணீர் இல்லாமல் கொன்றவர்களைவிடத் தண்ணீர் ஊற்றியே கொன்றவர்கள்தான் அதிகம். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். ஈரமிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தினமும் ஊத்துங்க." பொறியாளர் முதல்முறையாகப் பேசினார். "அது காயவே கூடாது. காஞ்சா..."

அந்த அம்மா அவர் முழங்கையைத் தொட்டார். அவர் நிறுத்திக்கொண்டார்.

"இந்த ரூம்ல செடி எதுவும் இல்ல. திறக்க வேண்டாம்" என்றார் அந்த அம்மா, மூடிய கதவைக் காட்டி.

படுக்கையறைக் கதவு அது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்தது. உள்ளே இருப்பவர் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள் அல்ல. வெளியே நிற்பவர் போடுவது. பார்த்தேன். நமக்கெதுக்கு வம்பு என்று சாவியை வாங்கி இடுப்பில் கோத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை. பெரிய செடியின் மண்ணில் விரலை விட்டேன். குளிர்ந்த, நல்ல ஈரம். ஒரு சொட்டும் ஊற்றவில்லை. தொழில் கற்றவளுக்கு ஒரு திமிர் இருக்கும் அல்லவா. இலைகளை மட்டும் நனைத்த துணியால் துடைத்தேன். உச்சியில் ஒரு புதுத் தளிர், மடக்கிய குடை போல இறுக்கமாகச் சுருண்டு, தன் உறைக்குள்ளேயே இருந்தது. இரண்டொரு நாளில் விரியும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமை கதவைத் திறந்ததும் வாசனை மாறியிருந்தது. ஈரமண் வாசனை இல்லை. காய்ச்சல்காரர் வாயருகே குனிந்தால் வருமே, அந்த வறண்ட வாடை.

பெரிய தொட்டியின் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தொட்டியின் விளிம்பை விட்டு விலகி, இடையில் என் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. நேற்று ஈரமாக இருந்த மண். சன்னல்கள் மூடியிருந்தன, மின்விசிறி ஓடவில்லை, மற்ற ஆறு தொட்டிகளும் அப்படியே ஈரமாக இருந்தன.

ஒரு பூவாளி நிறைய ஊற்றினேன். தொட்டியின் அடித்தட்டில் ஒரு துளியும் வரவில்லை. இன்னொரு பூவாளி ஊற்றினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

மடக்.

நான் குனிந்தபடியே நின்றேன்.

மடக். மடக்.

படுத்திருக்கும் ஒருவருக்கு வாயில் தண்ணீர் விட்டால், தொண்டை அவசரமாக ஏறி இறங்கும். அந்தச் சத்தம்.

காய்ந்த மண்ணில் தண்ணீர் இறங்கும்போது காற்றுக்குமிழி வெளியேறிச் சத்தம் வரும். எனக்கு அது தெரியும். இருந்தாலும் கதவைப் பூட்டும்போது சாவி இரண்டு முறை தப்பியது. வீட்டில் சொன்னேன். "பைப்புல காத்து அடைச்சிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் புரண்டு படுத்தார். அவருக்கு உலகத்தில் எல்லாமே பைப்புதான்.

வெள்ளிக்கிழமை தளிர் விரிந்திருந்தது.

இளம்பச்சையில், பளபளவென்று, ஒரு தூசுகூடப் படாத இலை. அதன் வலது விளிம்பில் ஒரு துண்டு இல்லை. பிறை வடிவத்தில் அரைக் கைப்பிடி அளவு காணாமல் போயிருந்தது.

நத்தை என்று நினைத்தேன். தொட்டியைச் சுற்றித் தேடினேன். புழுவா என்று ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தேன். எதுவும் இல்லை. பிறகு யோசித்தேன். சுருண்டிருக்கும் தளிரைப் புழு கடித்தால், இலை விரியும்போது அந்த ஓட்டை வரிசையாக நாலைந்து இடத்தில் வரும், மடித்த காகிதத்தைக் கத்தரித்தது போல. இதில் ஒரே இடம். விரிந்த பிறகு கடித்தது. நேற்று நான் பூட்டியதற்கும் இன்று திறந்ததற்கும் நடுவில்.

விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தேன். சின்னச் சின்ன வளைவுகள் அடுத்தடுத்து. நடுவில் இரண்டு அகலம், பக்கத்தில் குறுகல். கடித்த இடத்தில் பால் இன்னும் துளிர்த்துக்கொண்டிருந்தது.

பல்.

கீழே உள்ள பழைய இலைகளைப் பார்த்தேன். முழுசாக இருந்தன. அதற்கு மேலே, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக என் பக்கம் திருப்பினேன். ஒவ்வொன்றிலும் அந்தப் பிறை. பதினோரு இலை. இந்தச் செடி மாதத்துக்கு ஓர் இலை விட்டிருக்கும். எண்ணிப் பார்த்தபோது ஒரு வருடம் வந்தது.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பிலோடென்ட்ரான் பார்க்க அழகு, வாயில் வைக்கக் கூடாது. அதன் பாலில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் உண்டு. மென்றால் நாக்கு தீயாக எரியும். உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், குரல் வராது. ஆட்டுக்குட்டிகூட ஒருமுறை கடித்தால் மறுமுறை தொடாது.

யார் இதைத் திரும்பத் திரும்பக் கடிப்பார்கள்?

வேகமாகத் தண்ணீரை ஊற்றினேன். மடக் மடக் என்ற சத்தம் கேட்கக் கேட்கவே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். காலையில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்தும் பார்த்தேன். ஆனால் எந்நேரமும் என் தொண்டை வறண்டுகொண்டே இருந்தது. சொம்பு சொம்பாகக் குடித்தும் தீரவில்லை. மதியம் எழுந்து போனேன்.

செடியின் கணுக்களிலிருந்து காற்று வேர்கள் இறங்கும். கம்பைப் பிடித்து ஏறுவதற்கும், ஈரம் தேடுவதற்கும் அவை. அன்று ஐந்து வேர்கள் கம்பை விட்டு விலகித் தரையில் ஓடியிருந்தன. பழுப்பு நிறத்தில், விரல் தடிமனில், பக்கம் பக்கமாக. ஓடி, மூடிய கதவின் கீழ் இடுக்கில் நுழைந்திருந்தன.

ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

மூன்று மாடியும் படியில் இறங்கினேன். எனக்கு முன்னால் என் பூவாளி உருண்டு போயிற்று. காவல்காரர் அதை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

"அந்த ரூம்ல யாருண்ணே இருந்தது?" என்றேன்.

அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"டீச்சரம்மா. அந்தப் பொறியாளரோட அக்கா. வீடே அவங்களோடதுதான். கல்யாணம் பண்ணிக்கல. கணக்கு டீச்சர். நான் படியேறும்போதுகூட எத்தனை படின்னு கேட்டுச் சிரிப்பாங்க. அப்புறம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துடுச்சு. பார்த்துக்கறோம்னு தம்பியும் அவர் சம்சாரமும் வந்து தங்கினாங்க. மூணு வருஷம்."

"சரி."

"போன வருஷம் ஆறு நாள் வெளியூர் போனாங்க. அக்காவை வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், நீ வந்து செடிக்கு மட்டும் தண்ணி ஊத்துன்னு சாவியை என் கையில குடுத்தாங்க. அந்த ரூம் பூட்டியிருக்கு, அங்க போகாதேன்னாங்க. போனேன். ஊத்தினேன்."

அவர் பூவாளியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"முதல் நாள் டக் டக்னு சத்தம் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுல தச்சு வேலைன்னு நினைச்சேன். ரெண்டாவது நாளும் கேட்டுச்சு. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, தங்கச்சி. அது எனக்குத் தெரியும். நான்தானே காவல்காரன். மூணாவது நாள் எப்பவாவது ஒண்ணு. ஊத்திட்டு ஓடி வந்துட்டேன். பெரிய இடத்து வீட்டுக் கதவை நாம திறந்து, நாளைக்கு ஏதாவது காணோம்னு சொன்னா? நாலாவது நாள் சத்தம் நின்னுடுச்சு."

மூச்சை இழுத்துவிட்டார்.

"அப்பாடான்னு நினைச்சேன். அப்பாடான்னு."



"அவங்க திரும்பி வந்து, அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு அழுதாங்க. ஆஸ்பத்திரின்னு சொன்னவங்க அந்த ரூமைத்தான் திறந்தாங்க. உடம்பைக் கீழ கொண்டுவர நான்தான் ஒரு கை பிடிச்சேன். அந்தப் பெரிய செடி அப்ப கட்டிலுக்கு இடது பக்கம் இருந்தது. கைக்கு எட்டின இலையெல்லாம் பிய்ஞ்சு கிடந்துச்சு. டீச்சரம்மா வாய் இப்படி வீங்கி..." கையால் காட்டினார். "நாக்கு உள்ள போகல. உதட்டுல பச்சை. ஈரத்துக்காக மென்னிருக்காங்க. மென்னதால குரல் போயிடுச்சு. அதான் கூப்பிடல. அதான் தட்டியிருக்காங்க."

"தண்ணி வைக்காமயா போனாங்க?"

"வச்சாங்களே. நாலு பாட்டில். மேசை மேல வரிசையா. மூடிகூடத் திறக்கல." அவர் என் முகத்தைப் பார்த்தார். "மேசை கட்டிலுக்கு வலது பக்கம்."

"தெரியாம வச்சிருப்பாங்களோ?"

"மூணு வருஷமா ஊட்டிவிட்டவங்களுக்கு எந்தக் கை வராதுன்னு தெரியாதா?"

டாக்டர் இரண்டாவது பக்கவாதம் என்று எழுதிக் கொடுத்தாராம். யாரும் எதுவும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. "சாவி என் கையிலதானே இருந்துச்சு. முதல்ல என்னைத்தானே பிடிப்பாங்க" என்றார்.

நான் எழுந்தேன்.  அந்த வறட்சி தொண்டையில் உட்கார்ந்துகொண்டு என்னை வீட்டுக்குப் போகவிடவில்லை. "வாங்கண்ணே" என்றேன்.

"நான் மாட்டேன்."

"ஒரு வருஷமா மாட்டேன்னுதானே இருக்கீங்க."

அவர் வந்தார். படியில் எனக்கு இரண்டு படி பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு. வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டார்.

மதியம் மூன்று மணி. வெளியே நல்ல வெயில். கூடத்தில் மட்டும் வெளிச்சம் கலங்கிப்போய் இருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

திறந்தேன்.

அடைத்துவைத்த காற்று முகத்தில் அடித்தது. திரை போட்ட சன்னல். விரிப்பில்லாத கட்டில். அதன்மேல் மெத்தை.

மெத்தைமேல் வேர்கள்.

கதவிடுக்கில் ஐந்தாக நுழைந்தவை, உள்ளே போய் ஐம்பதாகப் பிரிந்து, கட்டில் காலில் ஏறி, மெத்தையின் இடப்பக்கம் ஒரு நீளக் குவியலாகக் கிடந்தன. தலையணைப் பக்கம் ஒரு உருண்டை. நடுவிலிருந்து ஒரு கற்றை மட்டும் தனியே பிரிந்து, குவியலின் மேலேயே குறுக்காகப் போய், வலப்பக்கம் நீண்டிருந்தது. வராத கை பக்கம் இருக்கும் பொருளை, வருகிற கையால் உடம்பைத் தாண்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி.

அதன் நுனியில் ஐந்து வேர்கள் விரிந்திருந்தன.

மேசைக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றுவிட்டன.

மேசைமேல் ஒரு வருடத் தூசு. தூசின் நடுவே நான்கு வட்டங்கள். பாட்டில்கள் நின்ற அந்த நான்கு வட்டத்தில் மட்டும் தூசு படியவே இல்லை.

"என்ன இருக்கு?" வாசலிலிருந்து காவல்காரர் கிசுகிசுத்தார்.

 சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தேன்.   கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் டம்ளரை வைத்தேன்.

"டீச்சர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "தண்ணி."

எதுவும் அசையவில்லை.

பிறகு டம்ளரில் தண்ணீர் விரலளவு இறங்கியது.

மடக்.

இன்னும் கொஞ்சம் இறங்கியது. காலியாயிற்று. நான் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். அதுவும் காலியாயிற்று. எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. சமையலறையில் இருந்த இருபது லிட்டர் கேன் தீரும்வரை நடந்தேன். பயம் எப்போது போயிற்று என்றும் தெரியாது. ஒருவருக்குத் தாகமாக இருக்கிறது, நான் தண்ணீர் கொடுக்கிறேன், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

கடைசி டம்ளரில் பாதி மிச்சம் நின்றது. அறையில் ஒரு நீண்ட மூச்சு.

திரும்பினேன். காவல்காரர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிலையைப் பிடித்தபடி, முகமெல்லாம் கண்ணீர்.

"டீச்சரம்மா," என்றார். "எனக்குக் கேட்டுச்சும்மா. கேட்டுச்சு. நான்தான் திறக்கல."

கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு.

டக்.

ஒரே ஒன்று. கோபமா மன்னிப்பா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவருக்கு என்ன புரிந்ததோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் கைப்பேசி அடித்தது. அந்த அம்மா.

"ரூமைத் திறந்தியா?" இவ்வளவு நாள் இருந்த மரியாதை போயிருந்தது. பின்னால் யாரோ இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"இவர் வாய் வீங்குது. இப்ப, திடீர்னு. பேச முடியல. தண்ணி தண்ணின்னு சைகை காட்டறார், குடுத்தா முழுங்க முடியல. நீ என்ன பண்ணினே? அங்க என்ன பண்ணினே?"

"தண்ணி குடுத்தேன் மேடம்" என்றேன். "இடது பக்கம் வச்சுக் குடுத்தேன்."

மறுமுனையில் அந்த மூச்சு மட்டும். பிறகு தொடர்பு அறுந்தது.

அன்று சாயங்காலமே காவல்காரர் போலீஸ் நிலையத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். வேரையும் டம்ளரையும் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. பூட்டிய அறை, தட்டிய சத்தம், வலப்பக்கம் வைத்த பாட்டில்கள், இவற்றை மட்டும் சொன்னார். ஆறு பக்கம் எழுதிக்கொண்டார்கள். விசாரணை என்று ஒன்று நடந்தது. உடலை எரித்து ஒரு வருடம் ஆகிவிட்டது; டாக்டர் தன் சான்றிதழ் சரி என்றார்; கோப்பு இன்னும் எங்கோ தூங்குகிறது. காவல்காரருக்கு வேலை போயிற்று. ஒருநாள் வழியில் பார்த்தேன், இளைத்திருந்தார். "பரவால்ல தங்கச்சி. இப்ப தூக்கம் வருது" என்றார்.

அந்தப் பொறியாளர் சாகவில்லை. வீக்கம் பத்து நாளில் வடிந்ததாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் வாய்வழியே இறங்கவில்லை. மூக்கில் குழாய் போட்டுத்தான் எல்லாம். எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. மனைவி பக்கத்திலேயே இருக்கிறாராம். எந்தப் பக்கம் என்று எனக்குச் சொன்னவர்கள் சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்தபோது செடிகளையெல்லாம் குப்பை வண்டி கொண்டுபோயிற்று. நான் ஒரு கணுகூட வெட்டி எடுத்துவரவில்லை.

பூட்டிய அறையைத் திறக்கிறவள், வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. பதினாறு சாவி ஒன்பதாகக் குறைந்தது. போனால் போகட்டும். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில், "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்பேன். செடியைப் பற்றி அப்புறம்தான் பேசுவேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு புது வீடு கிடைத்தது. தரைத்தளம், சின்னக் குடும்பம். ஒரு வாரம் வெளியூர் போகிறார்கள். "உள்ள யாரும் இல்ல, அப்பாவை என் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்றார் அந்த வீட்டின் சொந்தக்காரர், கேள்வி முடியுமுன்னே. கூடத்தில் நான்கு பிலோடென்ட்ரான்கள், நல்ல ஆரோக்கியத்தோடு, சன்னலைப் பார்த்தபடி இருந்தன.

இரண்டாவது நாள் காலை போனபோது நான்கும் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

வெளிச்சம் பின்பக்கம். இலை ஒவ்வொன்றும் சமையலறை தாண்டியிருந்த சாமான் அறைக் கதவைப் பார்த்து. இலை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஒரே இரவில் திரும்பாது.

நான் காது வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நாதாங்கியை இழுத்தேன்.

பழைய பாய்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து இமைத்தார்.

உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டே ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தேன். தலையைத் தாங்கி உதட்டில் வைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கையை மெல்லத் தூக்கி டம்ளரை விலக்கினார்.

"முதல்ல அவங்களுக்குக் குடும்மா" என்றார்.

"யாருக்குப்பா?"

அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று. "ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடாம பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே. காலையில ஒருத்தி வருவா, பொறுத்துக்கங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அந்த அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய் இன்னொரு டம்ளர் பிடித்து வந்து, எனக்குப் பின்னால், தரையில் வைத்தேன். அதன் பிறகே அவர் வாய் திறந்தார். சொட்டுச் சொட்டாகக் குடிக்கவைத்தேன்.

ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கியபோது, இரண்டு டம்ளரும் காலியாக இருந்தன.